இறுகும் வரை

தெருநாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் குரைக்கத் தொடங்கியபோது, பல் மருத்துவர் ரெனாட்டாவின் சுட்டுவிரல் நெவென்காவின் முன்பல்லின் மேல் இருந்தது.

பசை அப்போதுதான் உள்ளே போயிருந்தது. பீங்கான் உறையைப் பல்லில் மாட்டி அழுத்திப் பிடித்து, ஓரத்தில் பிதுங்கியதை வழித்துவிட்டாள். இனி நீல ஒளியைக் காட்டினால் உடனே இறுகிவிடும்; இல்லாவிட்டால் தானாக இறுகச் சில நிமிடம் ஆகும்.

"லைட்டைக் கொடு, லானா."

உதவியாளர் லானா அசையவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

கூரையில் தொங்கிய பெரிய விளக்கு ஆடிக்கொண்டிருந்தது.

குபா ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊருக்கு நிலநடுக்கம் புதிதல்ல. போன குளிர்காலத்தில் பெரியது ஒன்று வந்துபோனதிலிருந்து, சின்னச் சின்னதாக வந்துகொண்டேதான் இருந்தது. காப்பிக் கோப்பைகள் கிணுகிணுக்கும். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு அவரவர் வேலை.

இது அப்படி நிற்கவில்லை. தரைக்கு அடியில் ஏதோ உறுமியது. அலமாரிக் கதவு தானாகத் திறந்து, உள்ளே இருந்த பல் அச்சுகள் தரையில் விழுந்து நொறுங்கின. சுவரில் ஒரு கோடு மேலிருந்து கீழாக ஓடியது. மின்சாரம் போயிற்று.

"டாக்டர், ஓடி வாங்க! இடிஞ்சு விழப்போகுது!"

லானாவின் குரல் அறைக்கு வெளியே போய்விட்டிருந்தது. மரப்படிகளில் அவள் காலடிகள் தடதடத்தன.

ரெனாட்டாவும் ஓடத்தான் போனாள். பல்லும் பசையும் மறந்துபோயின. நாற்காலியில் ஒருத்தி படுத்திருக்கிறாள் என்பதுகூட மறந்துபோயிற்று. படி, வாசல், தெரு. அவ்வளவுதான் தெரிந்தது.

விரலை எடுக்கப்போன கணத்தில் நெவென்கா அவள் மணிக்கட்டைப் பற்றினாள்.

அறுபதைத் தாண்டிய மெலிந்த கை. ஆனால் கிடுக்கிபோல் பிடித்தது. ரெனாட்டா இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். பயத்தில் இந்த அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாள்.

"விடுங்கம்மா! கையை விடுங்க!"

வாயில் விரல் இருக்க, நெவென்காவால் பேச முடியவில்லை. மெல்லத் தலையை அசைத்தாள். மாட்டேன்.

கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. ரெனாட்டா நாற்காலியின் மேல் கவிழ்ந்து, இன்னொரு கையால் அந்த அம்மாவின் முகத்தை மறைத்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள். யாரோ விம்முவது கேட்டது. அது தன் குரல்தான் என்று புரியச் சற்று நேரமாயிற்று.

வெளியே எதுவோ பெரிதாகச் சரிந்து விழுந்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன.

பிறகு ஆட்டம் நின்றது. நாய்கள்கூட வாயை மூடிக்கொண்டன.

மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது. ரெனாட்டா தள்ளாடியபடி ஜன்னலுக்குப் போனாள். தெருவெல்லாம் செம்புழுதி. அது மெல்ல அடங்கியபோது கீழே வாசற்படி தெரியவில்லை. கூரையின் பழைய புகைபோக்கி முழுதாகப் பெயர்ந்து, செங்கல் குவியலாக அதன்மேல் கிடந்தது.

"லானா!"

திரும்பி அறை வாசலுக்கு ஓடினாள்.

"லானா!"

"இங்கதான் இருக்கேன், டாக்டர்." படிக்கட்டின் பாதியிலிருந்து அழுகுரல் வந்தது. "கால் வரமாட்டேங்குது. உக்காந்துட்டேன்."

ரெனாட்டா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, வேறு எதுவும் செய்யத் தெரியாமல், எழுந்து போய் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். ஒளி காட்டாமலே பசை இறுகியிருந்தது. உறை இம்மியும் நகரவில்லை.

"ஓடக் கூடாதுன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

நெவென்கா கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். மரத்துப்போன உதட்டில் சொற்கள் குழறின.

"போன குளிர்காலத்துல பெருசு வந்த அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் வாசலுக்கு ஓடினாரு. மேலேருந்து இதே மாதிரி புகைபோக்கி விழுந்து, அங்கேயே போயிட்டாரு. நான் பிடிச்சுத்தான் பார்த்தேன், டாக்டர். உதறிட்டு ஓடினாரு. அப்ப அவரு முழங்கை பட்டு உடைஞ்ச பல்லுதான் இது."