பேயின் குரல்

அந்தப் பழைய பேய்ப் படத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்பது இயக்குநருக்குச் சின்ன வயதுக் கனவு. முதலில் அதை எடுத்தவர் அவருடைய அப்பாதான். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. கதாநாயகன், பேயாக வரும் பெண், பங்களாக் காவல்காரன் எல்லோரும் ஆசைப்பட்டபடியே அமைந்துவிட்டார்கள். பேயின் அலறலுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அது சரியாக அமையாவிட்டால் படமே வேண்டாம் என்று தயாரிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, குரல் கொடுக்க வந்தவர்களின் பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டார். எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலைநிமிரவில்லை.

"இவ கரப்பான்பூச்சியப் பார்த்திருக்கா. அடுத்தது?"

போட்டார்.

"இவளுக்குப் பல்வலி."

"கிண்டல் பண்ணாதம்மா. அப்பா படத்துல அலறினது யாரு? அவங்களையே கூப்பிட்டுடறேன்."

"வரமாட்டா."

"ஏன், உனக்கு அவங்களத் தெரியுமா?"

"நான்தான்டா அது."

இயக்குநர் சிரித்துவிட்டார். "நீ எப்பம்மா நடிச்சே?"

"நடிச்சேன்னு யாரு சொன்னா? நீ பொறந்த அன்னிக்குப் பிரசவ அறை வாசல்ல உங்கப்பா டேப் ரெக்கார்டரோட நின்னாரு. குழந்தையோட முதல் அழுகையப் பிடிக்கப் போறேன்னாரு. நானும் நம்பித் தொலைச்சேன்."

இயக்குநர் லேப்டாப்பை மூடினார். அம்மா நிதானமாக ஒரு பீன்ஸின் நாரை உரித்துப் போட்டாள்.

"நர்ஸ் உன்னைத் தூக்கிட்டு வெளிய வந்திருக்கா. உங்கப்பா காதுல ஹெட்போனோட, 'டேக் ஓகே'ன்னாராம். அப்புறம்தான் பையனா பொண்ணான்னு கேட்டிருக்காரு."