அவசரப்படாத நாலு பேர்

"யாரும் எதையும் தொடாதீங்க!"

ஆலோசகர் போட்ட சத்தத்தில் முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது. லிஃப்டின் அபாய மணியை அமுக்கத்தான் கையை நீட்டியிருந்தார்.

"நடுவுல மாட்டிக்கிட்டோம் சார். இந்த மாதிரி நேரத்துலதான் நிதானம் வேணும். எதைச் செஞ்சா என்ன ஆகும்னு முதல்ல யோசிக்கணும். அதுக்குத்தானே என்னை வேலைக்கு வெச்சிருக்கீங்க?"

அது உண்மைதான். போன வருஷம் முதலாளி யாரையும் கேட்காமல், பஞ்சு மெத்தை செய்துகொண்டிருந்த தன் கம்பெனியில் தண்ணீர் மெத்தை போட முடிவெடுத்தார். முதல் மெத்தையை வாங்கியவர் ஆசையாகப் போய் விழுந்த வேகத்தில் அது வெடித்தது. கீழ்வீட்டுக்காரர் குடையோடு மேலே ஏறி வந்தார். அன்றிலிருந்து கம்பெனியில் புதுச் சட்டம். எதுவானாலும் நாலு பேர் கூடிப் பேச வேண்டும், நாலு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். முதலாளி, விற்பனையைப் பார்க்கும் அவருடைய மைத்துனன், கணக்கு மேடம், புதிதாகச் சேர்ந்த இந்த ஆலோசகர்.

அந்த நாலு பேரும்தான் இப்போது லிஃப்டுக்குள் இருந்தார்கள். கடைசி மாடியில் ஓட்டல் முதலாளியம்மாவைப் பார்க்க வேண்டும். போனில் பேசியதோடு சரி, நேரில் பார்த்ததில்லை. அவருடைய புது ஓட்டலுக்கு மெத்தை ஆர்டர் கிடைத்தால்தான் தையல் கூடத்தில் துணி போர்த்திக் கிடக்கும் மெஷின்கள் ஓடும். இல்லையென்றால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

ஏறும்போது நாலு பேரும் பேச்சு மும்முரத்தில் இருந்தார்கள், அந்த அம்மாவிடம் யார் முதலில் வாயைத் திறப்பது என்று. அதைத் தீர்மானித்து முடித்த பிறகுதான் லிஃப்ட் அசையாமல் நிற்பதையே கவனித்தார்கள். எந்த மாடி என்று காட்ட வேண்டிய திரை இருண்டு கிடந்தது.

"மாமா, கதவைத் தட்டிக் கத்துவோம். யாராவது வருவாங்க" என்றான் மைத்துனன்.

"தாராளமாக் கத்தலாம்" என்றார் ஆலோசகர். "அது மேல இருக்கிற அம்மா காதுல விழுந்தா? லிஃப்டை விட்டு வெளிய வரவே வக்கில்லாதவங்க நமக்கு என்ன மெத்தை செஞ்சு கிழிக்கப்போறாங்கன்னு நினைக்க மாட்டாங்களா?"

"அப்ப கதவு திறக்கிற பட்டனையாவது..."

"ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னிருந்தா? கதவு திறக்கும். நீங்க காலை வெப்பீங்க. தரை இருக்காது."

மைத்துனன் வெடுக்கென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

கணக்கு மேடம் கைப்பேசியை உயரத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சிக்னலே இல்ல. சரி சார், எதைச் செஞ்சாலும் ஆபத்துங்கிறீங்க. சும்மா நின்னா என்ன ஆபத்து? அதையும் சொல்லிடுங்க."

"நல்ல கேள்வி மேடம். அதை அப்புறமா எடுத்துக்கலாம். இப்போதைக்கு எடையைச் சமமாப் பிரிக்கணும். சார் அந்த மூலைக்குப் போகட்டும். நாம மூணு பேரும் இந்த மூலையில நிப்போம்."

முதலாளிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வயிற்றை எக்கிக்கொண்டு மூலையில் ஒண்டினார். மேடம் பாரம் குறையட்டும் என்பதுபோல் கைப்பையைக் கீழே வைத்தார். அதனால் என்ன குறையும் என்று கேட்கிற தெம்பு யாருக்கும் இல்லை.

நேரம் போகப் போக முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. தலைக்கு மேலே கயிறு முறுக்கவிழ்வதுபோல ஏதோ சத்தம் கேட்டது. மைத்துனனைப் பார்த்தார்.

"மாப்ளே, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்கக்காவைப் பாத்துக்க."

"நானும் இதே லிஃப்டுலதான் மாமா இருக்கேன்!"

மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது. "போதும் சார். அபாய மணியை அமுக்கலாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க."

மூன்று கைகள் எழுந்தன. ஆலோசகர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கடைசியில் அவர் கையும் பாதி உயரத்துக்கு எழுந்தது.

"ஆனா ஒண்ணு. இது பயத்துல எடுத்த முடிவு இல்ல. எல்லாக் கோணத்துலயும் அலசி எடுத்த முடிவு."

"அப்படியே வெச்சுக்கங்க" என்று முதலாளி மணியை நோக்கி விரலை நீட்டினார்.

விரல் படுவதற்குள் கதவு தானாகத் திறந்தது.

நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் கையில் கோப்புகளோடு மூச்சு வாங்க நின்றிருந்தார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. இரு கைகளையும் கூப்பினார். "தெய்வம் மாதிரி வந்து உயிரைக் காப்பாத்திட்டீங்கம்மா!"

அந்தப் பெண்மணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ப்ளீஸ். எனக்காக மேல மெத்தைக் கம்பெனிக்காரங்க எவ்வளவு நேரமாக் காத்திருக்காங்களோ" என்று உள்ளே நுழைந்து, கடைசி மாடிக்கான பட்டனை அமுக்கினார்.

மூடிக்கொண்டிருந்த கதவின் இடுக்கில் முதலாளி வெளியே பார்த்தார். சற்று முன்பு அவர்களுக்கு வழி சொன்ன அதே வரவேற்புப் பெண், அதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கல்லாம் எந்த மாடிக்குப் போகணும்?" என்றார் ஓட்டல் முதலாளியம்மா. "உள்ள ஏறி நின்னுக்கிட்டு, நாலு பேர்ல ஒருத்தர்கூடப் பட்டனை அமுக்கலையே!"