ஏட்டில் உள்ள வயசு

"சார், எனக்கு என்ன வயசுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

பிறப்புப் பதிவுப் பிரிவின் குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண் மூச்சு வாங்க நின்றிருந்தாள். தோளில் காய்கறிப் பை. பை காலி.

"உன் வயசு உனக்கே தெரியாதா பாப்பா?"

"எனக்குத் தெரியும் சார். ரெண்டு மாசம் முன்னாடிதான் பதினாறு முடிஞ்சுது. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"நம்பாட்டிப் போறாங்க. அதனால என்ன, குடியா முழுகிடும்?"

"நாளைக்குக் காலையில எனக்குக் கல்யாணம் சார்."

குமாஸ்தாவின் பேனா நின்றது. பக்கத்து மேசையில் டைப்பிஸ்ட் அம்மாளும் தட்டுவதை நிறுத்தினாள்.

"மாப்பிள்ளைக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டாள்.

"முப்பத்தெட்டு. அவர்கிட்ட மட்டும் யாரும் சர்டிபிகேட் கேக்கலை." வீறாப்பாகத்தான் சொன்னாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது. "குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்குப் போனேன். அங்க ஒரு மேடம் இருக்காங்க. வயசுக்கு ஒரே ஒரு காகிதம் கொண்டு வா, இன்னைக்கே போலீசோட வந்து நிறுத்தறேன்னாங்க. என் ஸ்கூல் காகிதத்தை அப்பா அடுப்புல போட்டுட்டார். ஸ்கூல்ல புதுசு கேட்டா, அப்பா கையெழுத்து வேணுமாம்."

"திருடன்கிட்டயே சாவியைக் கேக்கச் சொல்றாங்க!" என்று டைப்பிஸ்ட் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு ஓடி வந்திருக்கேன் சார். அஞ்சு மணிக்கு மேடம் கிளம்பிடுவாங்க."

சுவரில் மணி நாலரை.

"கண்ணைத் துடை முதல்ல. இந்த ஜன்னலுக்கு வந்து அழுதவங்க யாரும் வெறுங்கையோட போனதில்லை" என்று அலமாரிச் சாவியைத் தேடினார் குமாஸ்தா. அது பொய்யில்லை. அந்தக் கட்டடத்தில் மற்ற ஜன்னல்களில் எல்லாம் 'நாளைக்கு வா' என்பதுதான் வணக்கம். இவர் ஒருவர்தான் கண்ணைக் கசக்கினால் கரைந்துவிடுகிற ஆசாமி. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் வந்து நின்னு ஒரே அழுகை. பிள்ளைக்கு நல்ல வேலை வந்திருக்காம், வயசு பத்தலையாம். வீட்டுல பிறந்த பிள்ளை, தாமதமாப் பதிஞ்சிருக்காங்க. எழுதினவர் பதிஞ்ச வருஷத்தையே பிறந்த வருஷமாப் போட்டுட்டாராம். பாட்டைக் கெடுத்தான் பாடினவன், ஏட்டைக் கெடுத்தான் எழுதினவன்! அடுத்த ஜன்னலா இருந்தா ஆறு மாசம் இழுத்தடிச்சிருப்பாங்க. நான் அன்னைக்கே முடிச்சுக் கொடுத்தேன். காலைத் தொட வந்துட்டார் மனுஷன்."

"உங்க இளகின மனசு ஒரு நாள் உங்க வேலைக்கே உலை வைக்கும் சார்" என்றாள் டைப்பிஸ்ட்.

"வைக்கட்டுமே. ஒரு பதிவுக்கு ஒரு திருத்தம்தான், அதுக்கு மேல கோர்ட்டுன்னு விதி இருக்கு. அந்த ஒண்ணையும் தராம எதுக்குப் பூட்டி வைக்கணும்?"

அலமாரி திறந்தது. அவள் பிறந்த வருஷம் இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. கனமான அட்டைப் பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசையில் வைத்தார். பிரித்ததும் அவர் முகம் சுருங்கியது. கூரை ஒழுகி, முதல் நாலைந்து மாதங்கள் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"எந்த மாசம் பாப்பா? உங்கம்மா பேர் என்ன?"

"எட்டாம் மாசம் சார். பதினேழாம் தேதி." அம்மா பேரையும் சொன்னாள்.

விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். ஆறாம் மாதம் பாதி பூச்சி தின்றிருந்தது. ஏழாம் மாதத்தில் மை கரைந்து நீலத் திட்டுகள். அந்தப் பெண் கம்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "கடவுளே, கடவுளே" என்று முணுமுணுத்தாள். டைப்பிஸ்டும் எழுந்து வந்துவிட்டாள்.

எட்டாம் மாதம் சுத்தமாக இருந்தது.

"இருக்கு பாப்பா! தாள் முழுசா இருக்கு! பதினேழாம் தேதி... உங்கம்மா பேர் சொன்னியே, அதேதான்... பெண் குழந்தை..." வரிசையில் ஓடிய அவருடைய விரல் சட்டென்று நின்றது.

"பதினாறுதானே சார்?"

டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாள். பிறந்த வருஷத்தைச் சிவப்பு மையால் அடித்து, அதற்கு மேல் இரண்டு வருஷம் முந்திய வருஷத்தை எழுதியிருந்தது.

"ஐயோ! பதினெட்டாக்கி வச்சிருக்காங்களே! எந்தப் பாவி சார் இதைப் பண்ணினான்?"

அந்தப் பெண் கம்பி இடுக்கில் கையை நீட்டினாள். "திருத்தினவர் ஓரத்துல கையெழுத்துப் போட்டிருப்பார் இல்ல சார்? யாருன்னு மட்டும் சொல்லுங்க. நான் போய் அவர் முன்னாடி நின்னு அழறேன். அவருக்கு மனசு இரங்காதா?"

குமாஸ்தா தலையை நிமிர்த்தவில்லை. ஓரத்தில் இருந்த சுருக்கொப்பத்தை அவருடைய கட்டைவிரல் அழுத்தி மூடியிருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவர் போடுகிற அதே இரண்டு எழுத்து.