உயராத கை

தலைவரின் ஊர்வலம் வந்தபோது தெருவே வலது கையை உயர்த்தி வணங்கியது. மாசிலாமணி மட்டும் உயர்த்தவில்லை. தடியோடு வந்த தொண்டன் ஒருவன் அவர் முன் நின்றான். போன வாரம் கை தூக்காத தையற்காரரை அவர்கள் அடித்தே கொன்றிருந்தார்கள்.

“அவருக்குப் பக்கவாதம் தம்பி, அந்தக் கை எழும்பாது” என்று மனைவி செண்பகம் முந்திக்கொண்டு பொய் சொன்னாள்.

அவன் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து அவருடைய வலது புறங்கையில் அழுத்தினான். மாசிலாமணி அசையவில்லை.

“பாவம்” என்று சொல்லிவிட்டு அவன் நகர்ந்தான்.

வீட்டில் செண்பகம் காயத்துக்கு மருந்து தடவினாள். கதவைத் தாழிட்டுச் சோறு போட்டாள். அவர் இடது கையால் பிசையத் தொடங்கினார்.

“இங்க யாருங்க பாக்கப் போறா? அந்தக் கையால சாப்பிடுங்க.”

“அந்தக் கையை அவங்களுக்காகத் தூக்கிப் பழகுறதுக்குப் பதிலா, இந்தக் கையால சாப்பிட்டுப் பழகிக்கலாம்.”

அவர் சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் ஆனது. செண்பகம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.