சுவரொட்டிக்கு ஒரு முகம்

"இவளெல்லாம் ஒரு ஆர்ட்டிஸ்ட்டா? மூணு நாளா பூட்டின கதவையே பார்த்துட்டு நிக்கறோம்!"

அந்த்வி மறுபடியும் சேர்வாவின் கதவைத் தட்டினான். பக்கத்தில் அவன் தங்கை பொவாத்தேமா கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

அவர்களுடைய அம்மா ஃப்ரெம்போமா இறந்து இரண்டு மாதம். அடக்கம் வருகிற சனிக்கிழமை.

கானா நாட்டுக் குமாசியில் இதை யாரும் தாமதம் என்று சொல்வதில்லை. அம்மா இருந்தபோது பதினான்கு மழைக்காலம் ஒழுகிய கூரையை மாற்ற வேண்டாமா? வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாமா? பந்தலுக்கும் பாண்டு வாத்தியத்துக்கும் சொல்ல வேண்டாமா? ஹாம்பர்க்கிலிருந்து மகனும் டொரண்டோவிலிருந்து மகளும் வந்து சேர வேண்டாமா?

எல்லாம் ஆகிவிட்டது. தெருமுனையில் கட்டுகிற ஆளுயர இரங்கல் சுவரொட்டி மட்டும்தான் பாக்கி. அதில் போடுவதற்கு அம்மாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை.

கேமராவைக் கண்டால் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறவள் அந்தப் பெண்மணி. கையில் இருந்ததும் பழைய பொத்தான் போன். பிள்ளைகள் அதில் அவள் குரலைக் கேட்பார்கள், கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ்.

அதனால்தான் திங்கட்கிழமை சேர்வாவைத் தேடி வந்தார்கள்.

சேர்வா முன்பு ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் வரைந்தவள். சோப்பு விளம்பரத்துக்கு வரைந்த பெண்ணை, "இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கு" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை படத்தைக் கிழித்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து தனியாள். பிள்ளைகளின் கதைப்புத்தகம், சங்கத்துத் துண்டறிக்கை, கோழித்தீவனச் சாக்கு, எதற்கும் வரைவாள். திமிர் பிடித்தவள் என்று ஊரில் பெயர்.

"லேஸ் சட்டை போட்டுடு. கழுத்துல தங்கச் சங்கிலி, மூணு வரிசை. நிறமும் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்" என்றாள் பொவாத்தேமா.

"முகம் எப்படிக்கா இருக்கும்?"

"முகம்னா... அம்மா முகம்தான். நல்ல லட்சணமா இருக்கும்."

"தழும்பு, மச்சம் ஏதாவது?"

"இடது கன்னத்துல ஒரு தழும்பு" என்றான் அந்த்வி.

"வலது கன்னம்ணா."

"எனக்குத் தெரியாதா? இடதுதான்!"

அண்ணனும் தங்கையும் கொஞ்ச நேரம் கன்னத்துக்குச் சண்டை போட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. கீழே பிள்ளைகளின் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும். அந்த்வி, அடைப்புக்குறிக்குள் ஜெர்மனி. பொவாத்தேமா, அடைப்புக்குறிக்குள் கனடா.

"வியாழக்கிழமை வாங்க" என்று சொன்னவள்தான். செவ்வாயும் பூட்டு, புதனும் பூட்டு. இன்று வியாழன். இன்றும் பூட்டு.

பக்கத்துத் தையற்கடை அம்போன்சா மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னார். "சேர்வாவா? காலையில போறவ பொழுது சாஞ்சுதான் வர்றா. நேத்து சாயங்காலம் சந்தையில பார்த்தேன். சோள மாவு கெங்கே விக்கிற பொம்பளைங்களோட உக்காந்து, மீனும் கெங்கேயுமா அமுக்கிட்டு, விழுந்து விழுந்து சிரிச்சிட்டிருந்தா."

"பார்த்தியா! நம்ம வீட்ல சாவு, இவளுக்குச் சிரிப்பு!"

"கற்பனை வரணுமில்ல தம்பி. கலைஞருங்க அப்படித்தான்."

"ஹாம்பர்க்ல இப்படிச் செஞ்சா அடுத்த நாள் தெருவுலதான் நிக்கணும்."

"விடுண்ணா" என்றாள் பொவாத்தேமா. "நெட்ல ஒரு நல்ல கிழவி முகமா எடுத்துக்கலாம். ஸ்டூடியோக்காரன் சங்கிலியெல்லாம் போட்டு ஒரு மணி நேரத்துல குடுத்துடுவான். யாரு கண்டுபிடிக்கப் போறா?"

அந்த்வி யோசித்துப் பார்த்தான். யோசனை பிடித்திருந்தது. தெருமுனையில் எவளோ ஒருத்தியின் முகம் ஏறி, அதன் கீழே ஊரே அழப்போகிறது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்ட நேரத்தில், சேர்வா வந்து நின்றாள். முழங்கை வரை கரி. கக்கத்தில் சுருட்டிய காகிதம்.

"மன்னிச்சுக்குங்கண்ணே, இப்பதான் முடிஞ்சது." காகிதத்தைக் கதவின்மேல் விரித்துப் பிடித்தாள்.

கரியைப் போலவே கறுத்த ஒரு முகம். சுமை தூக்கித் தூக்கி உச்சியில் முடி தேய்ந்த தலை. முன்பல் ஒன்று இல்லாமல், யாரையோ கேலி செய்கிற சிரிப்பு. தழும்பு இடது கன்னத்திலும் இல்லை, வலது கன்னத்திலும் இல்லை. தாடையில் இருந்தது. சந்தையை இடிக்க வந்த வண்டிக்கு முன்னால் படுத்தபோது வாங்கியது. தெருவுக்கே தெரியும்.

அம்போன்சாவின் மிஷின் நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

"ஐயே, யாரு இந்தக் கிழவி?" என்றாள் பொவாத்தேமா.

"லேஸ் எங்கே? சங்கிலி எங்கே?" அந்த்வி கத்தினான். "இது எங்க அம்மாவே இல்ல! மூணு நாளா ஊர் சுத்திட்டு, எவளையோ வரைஞ்சுட்டு வந்து நிக்கறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

"கண்ணு மூடியிருந்துச்சுண்ணே" என்றாள் சேர்வா. "அதான் கண்ணையும் சிரிப்பையும் மட்டும் சந்தையில அவங்க கூட்டாளிங்ககிட்ட கேட்டுக்கிட்டேன். மத்தது பூராவும் நேர்ல பார்த்து வரைஞ்சது."

"நேர்லயா? எங்கே பார்த்தே?"

"ஆஸ்பத்திரிப் பிணவறையில. ரெண்டு மாசத்துல இவங்களைப் பார்க்க வந்த மொத ஆளு நீதாம்மான்னு சொல்லி, காவக்காரரு ஸ்டூல் போட்டுக் குடுத்தாரு."

சேர்வா படத்தை நிதானமாகச் சுருட்டினாள்.

"இவங்க உங்க அம்மா இல்லேன்னா, சனிக்கிழமை யாரைண்ணே புதைக்கப் போறீங்க?"