டி-3

பீப் என்றது மீட்டர்.

மாதேஸ்வரி முனைகளை மாற்றி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் பீப்.

டி-3 ஒரு டயோடு. டயோடு என்றால் கரண்டை ஒரு பக்கம்தான் விட வேண்டும். இது இரண்டு பக்கமும் விடுகிறது.

"அந்த டி-3தான்க்கா ஷார்ட்டு. எழுதிக் குடுத்துட்டு வா, டீக்குப் போலாம்" என்று பக்கத்து மேசையிலிருந்து மணிவேல் கிசுகிசுத்தான். டிப்ளமோ படித்தவன். பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டான்.

தேர்வுக்கு வந்த நான்கு பேருக்கும் ஒரே மாதிரி சர்க்யூட் போர்டு. கரண்ட் கொடுத்துப் பார்க்கக் கூடாது. மீட்டரும் சால்டரிங் அயர்னும் மட்டும்தான். பழுது எங்கே என்று தாளில் எழுத வேண்டும். தேறும் ஒருவருக்கு ரிப்பேர் பிரிவில் நிரந்தர வேலை.

பாகலூரிலிருந்து பஸ் ஏறி ஓசூரில் இந்தக் கம்பெனிக்கு அவள் வருவது இது எட்டாவது வருடம். இன்னும் காண்ட்ராக்ட் ஆள்தான். இதே டி-3ஐ இதே துளையில் லட்சம் முறையாவது செருகியிருப்பாள். அது எதற்கு என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆறு மாதமாகத்தான், பஸ்ஸில் செல்போன் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள்.

பார்ட் போர்டில் இருக்கும்போது மீட்டரை நம்பாதீர்கள், ஒரு காலைக் கழற்றிவிட்டுப் பாருங்கள் என்று அதில் ஒருவர் சொல்லியிருந்தார்.

ஈயத்தை உருக்கி டி-3இன் ஒரு காலைத் தூக்கினாள். மீட்டரில் எண் வந்தது. முனைகளை மாற்றினாள். ஒன்றும் வரவில்லை.

ஒரு பக்கம்தான் விடுகிறது. நல்ல டயோடு.

மறுபடி பற்றவைத்தாள். பீப்.

பக்கத்திலிருக்கும் காயிலின் கம்பிச் சுருள் வழியாகக் கரண்ட் சுற்றிப் போகிறதோ? காயிலைச் சோதித்தாள். சரியாக இருந்தது. ஃபியூஸ் சரி. ரெசிஸ்டர்கள் சரி. கெப்பாசிட்டர்களில் எண் ஏறி ஏறி நின்றது, அப்படித்தான் ஏற வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் போர்டு எப்படிக் கெடும்?

தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. மற்ற இருவரும்கூடத் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

டி-3 என்று எழுதினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடு போட்டு அடித்தாள்.

கீழே எழுதினாள்: "டி-3 நன்றாக இருக்கிறது. பழுது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை."

தாளைக் கொடுக்கும்போது மேலாளர் குருமூர்த்தியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் நில்லும்மா."

அவர் அவளுடைய போர்டில் வயரைச் செருகி சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது.

அவள் போர்டை உற்றுப் பார்த்தாள். எதையுமே மாற்றவில்லையே.

"நாலும் நல்ல போர்டுதாம்மா. பக்கத்துல காயில் இருக்கறதால டி-3ல மீட்டர் எப்பவும் பீப்னுதான் கத்தும். நல்ல பார்ட்ட நல்லதுன்னு சொல்ற ஆள் ஒருத்தர்தான் வேணும் எனக்கு. திங்கக்கெழம ரிப்பேர் செக்‌ஷனுக்கு வந்துடு."

திங்கட்கிழமை என்றது அவள் காதில் ஏறவே இல்லை.

"அப்ப நான் பாத்ததெல்லாம் சரிதானா சார்?" என்றாள்.