புகைபோக்கியில் ஒரு நட்சத்திரம்

யுத்தகாலத் துறைமுகம் ஒன்றில் வேங்கை, கொண்டல் என்று இரண்டு நாசகாரிப் போர்க்கப்பல்கள் அக்கா தங்கையாக இருந்தன. எதிரியின் நீர்மூழ்கியை மூழ்கடித்தால் புகைபோக்கியில் ஒரு நட்சத்திரம் வரைவது அங்கே வழக்கம். வேங்கைக்கு நாலு நட்சத்திரம். கொண்டலுக்கு ஒன்றுகூட இல்லை. அவள் எந்திரச் சத்தம் கேட்டதுமே நீர்மூழ்கிகள் அடுத்த சமுத்திரத்துக்கு ஓடிவிடும். அவள் காவல் போன சரக்குக் கப்பல்களில் ஒரு மூட்டை சீனிகூட நனைந்ததில்லை.

"புதுப் பெயிண்ட் காய்ஞ்சுதா பாருடி" என்று வேங்கை திரும்பிக் காட்டும்போதெல்லாம் கொண்டலுக்கு வயிறு எரியும். கொதிகலனை அணைத்த பிறகும் எரியும்.

அடுத்த பயணத்தில், கேப்டனுக்கே தெரியாமல் எந்திரத்தை அடக்கிக்கொண்டு பூனைபோலப் போனாள். நீர்மூழ்கி வந்தது. வந்து, அவள் விலாவில் லாரி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டுப் போனது.

வேங்கைதான் கட்டி இழுத்துவந்தாள். வழியெல்லாம் பேச்சே இல்லை. 'உள்ளுக்குள் சிரிக்கிறாள்' என்று கொண்டல் கூனிக் குறுகினாள்.

துறைமுகத்திலோ ஊரே திரண்டு நின்றது. மேளம், மாலை எல்லாம் அந்த ஓட்டைக்குத்தான். நட்சத்திரங்களை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள் வேங்கை.

"அவ்வளவா இல்லக்கா."

வேங்கை அந்த மாலைகளை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த நீர்மூழ்கி எந்தப் பக்கமடி போச்சு?"